இனிப்பு நீர் உள்ளவருக்குக் காய்ச்சல் கண்டால்: கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



வைத்தியத்தைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு என் படிப்பு முடிந்தது. ஆயினும் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், அவர் முதலில் வருவது டாக்டரிடமா, நம்மிடமா? இராத்திரி எட்டு மணிக்குக் கிளினிக் இராது. நம் கடை இருக்கும். பஸ் செலவு இல்லை, காத்திருக்க வேண்டியதில்லை, கையில் காசு இல்லாவிட்டால் கணக்கிலும் எழுதிக்கொள்ளலாம். ஆகவே, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், மலைவாசிகளின் முதல் வைத்தியர்களாக நாம்தான் இருந்து வருகிறோம். அந்த வேலையை அறியாமல் செய்வதைக் காட்டிலும் சற்று அறிந்து செய்வது மேல் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்குப் புத்தகம் சொன்ன செய்தி

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் மாமு என்றே கூப்பிடுவோம். வெகு காலம் சாப்பாட்டுக் கடை நடத்தி, பிறகு மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருந்தார். மலைக்குக் கீழே ரவுப் பக்கத்தில் சிறிய டுரியான் தோட்டம் ஒன்று வைத்திருந்தார். மாதம் ஒரு முறை இறங்கிப் போய்ப் பார்த்து வருவார். பதினைந்து வருஷமாக இனிப்பு நீர். மாத்திரை சாப்பிடுவார், சில நாள் மறந்தும் போவார்.

ஒரு மழைக்காலத்தில் கடைக்கு வந்து, "தம்பி, லேசாக் காய்ச்சல். பனடோல் ஒரு பட்டை கொடு, கணக்கில எழுதிக்க" என்றார். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு பட்டை. "மாத்திரை போட்டா விடுது, அப்புறம் திரும்ப வருது" என்றார். "குளிர் காத்து, மாமு. போர்வையைப் போர்த்திக்கிட்டுப் படுங்க" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் மூன்றாவது பட்டைக்குப் பேரனை அனுப்பினார். ஆறாம் நாள் மூச்சு வாங்கி, பேச்சுத் தடுமாறிப் போகவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு. இரண்டாம் நாள் மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். இரத்தத்தை வளர்த்துப் பார்த்து வியாதியின் பெயரை டாக்டர்கள் சொன்னபோது, அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மெலியோய்டோசிஸ் என்றார்கள். அதற்கு முன் அப்பெயரை நான் கேட்டதில்லை.

ஜனாஸா தொழுகைக்கு முன் வழக்கம்போல் மகன் எழுந்து நின்று, "அத்தா யாருக்காவது கொடுக்கல் வாங்கல் பாக்கி வைத்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள்" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். தேதி போட்டு மூன்று வரி: பனடோல் 1, பனடோல் 1, பனடோல் 1. ஐந்து நாளுக்குள் மூன்று. அந்தப் பாக்கியை அன்றே ஹலாலாக்கிவிட்டேன். ஆனால், அந்த மூன்று வரியும் என்னிடம் வேறொரு பாக்கியைக் கேட்டன. இரண்டாவது பட்டையை எடுத்துக் கொடுத்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்?

பிறகு மாமி சொன்னார்கள்: "காய்ச்சலுக்குப் பத்து நாள் முந்தி தோட்டத்துல அடைச்சுக்கிட்ட வாய்க்காலை இவங்களே வெட்டி விட்டாங்க, தம்பி. செருப்பு இல்லாம சேத்துல நின்னாங்க. கால்ல ஒரு கீறல். அதைப் போய் யாரு பெரிசா எடுத்துக்குவா?" இந்தச் சங்கதியை டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

காலாகாலத்தில் போயிருந்தால் மாமு பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஹயாத்தும் மவுத்தும் அல்லாஹ்வின் கையில். ஆயினும், நம் கையில் விடப்பட்ட காரியம் எவ்வளவு என்பதை அறிந்துகொள்வது நம்மேல் கடமை.

மண்ணில் குடியிருக்கும் கிருமி

இவ்வியாதிக்குக் காரணம் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமி. வைத்திய நூல்களில் அதன் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமாலி. 1911ஆம் ஆண்டில் ரங்கூன் நகரில் ஆல்பிரட் விட்மோர் என்ற வெள்ளைக்கார டாக்டரும், அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமி என்பவரும் இதை முதலில் கண்டறிந்தார்கள். நம் முன்னோர் பலர் கடை வைத்திருந்த அதே ரங்கூன்தான். மெலியோய்டோசிஸ் என்ற பெயரோ நம் கோலாலம்பூரில் பிறந்தது. அங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்டன், பிளெச்சர் என்னும் இருவர் 1921ல் அப்பெயரைச் சூட்டினார்கள். ஆகவே இது நேற்று முளைத்த வியாதி அன்று. நூறு வருஷத்துக்கு மேலாக நம் காலடியில் இருப்பது; நாம்தான் அறியவில்லை.

இக்கிருமி உடலுக்குள் புகும் வழிகள் மூன்று. கால் கைகளில் உள்ள வெட்டு, கீறல், பித்தவெடிப்பு வழியாகப் புகும். பெருமழையும் காற்றும் அடிக்கும்போது நீர்த்துளியோடும் தூசியோடும் மூச்சில் புகும். காய்ச்சாத, குளோரின் கலக்காத நீரைக் குடிப்பதாலும் புகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அபூர்வம். ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்கவோ, ஜனாஸாவைக் கண்டு அஞ்சவோ காரணமில்லை.

கிருமி புகுந்து சாதாரணமாக ஒரு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் காணும். சிலருடைய உடம்பிலோ வருஷக் கணக்கில் உறங்கிக் கிடந்து, உடல் தளரும் காலத்தில் தலைதூக்கும். சயாம் மரண ரயில்பாதை என்றால் நம் பெரியவர்களுக்குத் தெரியும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் எத்தனையோ தமிழர்கள் மாண்ட இடம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஓர் அமெரிக்கப் போர்வீரருக்கு 62 வருஷம் கழித்து இவ்வியாதி வெளிப்பட்டதாக மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். விதை மண்ணில் கிடந்து மழைக்குக் காத்திருப்பதைப் போன்றது இது.

"இது கீழே சமவெளியில் உள்ளவர்களுக்கு வருவது, நாம் குளிரான மலையில் இருக்கிறோம்" என்று நினைக்க வேண்டாம். நாமும் நம் வாடிக்கைக்காரர்களும் தாப்பாவுக்கும் ரவுப்புக்கும் குவாந்தானுக்கும் இறங்காமலா இருக்கிறோம்? காய்ச்சல் எங்கே கண்டது என்பதைவிட, அதற்கு முந்திய வாரங்களில் கால் எந்த மண்ணை மிதித்தது என்பதே முக்கியம்.

நம் பகாங் மாநிலத்திலேயே நடந்த ஒரு துயரம் உண்டு. 2010ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் மாரான் மாவட்டம் லூபுக் யூ என்னுமிடத்தில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடும் வேலையில் 153 பேர் ஈடுபட்டார்கள். நல்ல காரியத்துக்கு இறங்கியவர்கள். அவர்களில் 10 பேருக்கு மெலியோய்டோசிஸ் கண்டது. சிலருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்து வந்தது. 8 பேர் இறந்தார்கள். நோயுற்றோரில் இனிப்பு நீரைக் கட்டுக்குள் வைக்காதவர்களும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இது உண்டு. முஸ்லிம்கள் நிறைந்த வாணியம்பாடி நகரில் 2023ல் பல் வைத்தியம் செய்துகொண்ட 10 பேருக்கு இக்கிருமி மூளையைத் தாக்கி, அவர்களில் 8 பேர் இறந்தார்கள். திறந்து வைத்த உப்பு நீர்ப் புட்டியும் சுத்தம் செய்யாத கருவியுமே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். சுத்தம் குறைந்தால் எந்த வாசல் வழியாகவும் வரும் என்பதற்கு இது சாட்சி.

யாரைப் பிடிக்கிறது?

திடகாத்திரமான ஒருவர் சேற்றில் நின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. உடம்பின் காவல் தளர்ந்தவரைத்தான் இக்கிருமி தேடிப் பிடிக்கிறது. இனிப்பு நீர் உள்ளவர், சிறுநீரகம் பழுதானவர், ஈரல் கெட்டவர், மது அருந்துபவர், தலசீமியா என்னும் இரத்தக் குறை உள்ளவர், ஸ்டீராய்டு மருந்து நெடுநாள் சாப்பிடுபவர் ஆகியோர் இவ்வரிசையில் வருகிறார்கள்.

இவர்களில் முதலிடம் இனிப்பு நீருக்கே. அது உள்ளவருக்கு இவ்வியாதி வரும் வாய்ப்பு மற்றவரைப் போல் சுமார் 12 மடங்கு என்கிறார்கள். 2000 முதல் 2003 வரை பகாங்கில் இந்நோய் கண்டவர்களைக் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பங்கினர் அளவில் இனிப்பு நீர் உள்ளவர்கள். பாதிப் பேர் அளவில் பிழைக்கவில்லை.

இப்பொழுது நம்மைப் பார்ப்போம். 2019ல் அரசாங்கம் நடத்திய தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 100க்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 100க்கு 31.4. அந்த ஆண்டுக் கணக்கில் வியாதி உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்து, தேத்தண்ணீரில் பாலைக் குழைத்துக் குடித்து, நடு இராத்திரியில் சாப்பிடும் நம் வர்க்கத்துக்கு இதைவிட எச்சரிக்கை வேண்டுமா? ஜும்ஆவில் நம் வரிசையில் பத்துப் பேர் நின்றால், மூன்று பேரை இக்கிருமிக்கு எளிதில் ஆளாகக் கூடியவர்கள் என்று எண்ணிக்கொள்ளலாம்.

அடையாளங்கள்

இவ்வியாதி பல வேஷம் போடும். பாதிப் பேர் அளவில் நுரையீரல் காய்ச்சலாக வரும்: இருமல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல். சிலருக்குத் தோலில் ஆறாத புண்ணாகவும் கட்டியாகவும் வரும். சிலருக்கு ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டும். சிலருக்கு மூட்டு வீங்கும். ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கும். நாட்பட இருந்தால் உடல் மெலிந்து காச நோய்போலவே தோன்றும். காசத்துக்கு மருந்து சாப்பிட்டும் குணமாகாமல் பின்னர் இதுவென்று கண்டவர்களும் உண்டு.

ஆகவே, வியாதியின் பெயரைக் கண்டுபிடிப்பது நம் வேலையன்று. ஆபத்தின் அடையாளத்தைக் கண்டுகொள்வதே நம் வேலை. அவை இவை:

1. இனிப்பு நீர் முதலிய வியாதி உள்ளவருக்குக் காய்ச்சல். ஒரு நாளுக்கு மேல் காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டும்.

2. மாத்திரைக்கு அடங்கித் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல். பனடோல் சூட்டைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. நெருப்பு மணியின் ஓசையைத் துணி சுற்றி அடைத்துவிட்டால் நெருப்பு அணைந்துவிடுமா?

3. நடுக்கத்தோடு கூடிய குளிர் காய்ச்சல்.

4. வேகமாக மூச்சு வாங்குதல், பேச்சுக் குழறல், புத்தித் தடுமாற்றம், எழுந்து நிற்க இயலாமை, கை கால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல். இவற்றுள் ஒன்று கண்டாலும் கிளினிக்கும் வேண்டாம், காலை வரை பொறுக்கவும் வேண்டாம். உடனே 999க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

5. மிகவும் வயதானவர்களுக்கு உடம்பு சுடாமலே கடும் நோய் இருக்கக் கூடும். நேற்றுவரை நடமாடியவர் இன்று சோர்ந்து, சாப்பிடாமல், பேசாமல் கிடந்தால் அதையே காய்ச்சலாக எண்ண வேண்டும்.

காய்ச்சல் காலத்தில் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். சாப்பாடு இறங்கவில்லையே என்று இன்சுலினையோ மாத்திரையையோ தாமாக நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டரைக் கேளாமல் அவ்வாறு செய்வது ஆபத்து.

வைத்தியம் உண்டு

இவ்வியாதிக்கு மருந்து இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். ஆனால் எல்லா மருந்துக்கும் இது மசிவதில்லை. சாதாரணப் பெனிசிலின் ஊசி இதற்குப் பயன்படாது. செஃப்டாஸிடிம், மெரோபெனெம் போன்ற மருந்துகளைக் குறைந்தது 10 முதல் 14 நாள் வரை நரம்பு வழியாக ஆஸ்பத்திரியில் ஏற்றுவார்கள். அதன் பிறகு கோட்ரைமொக்ஸசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் வீட்டிலிருந்து சாப்பிட வேண்டும். உடம்பு தேறிவிட்டதென்று இடையில் விட்டவர்களுக்கு வியாதி திரும்பியிருக்கிறது.

இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையே இதை நிச்சயப்படுத்துவது. அதற்குச் சில நாள் பிடிக்கும். ஆகையால்தான், "இவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது, இத்தனாம் நாள் சேற்றில் நின்றார், காலில் கீறல் இருந்தது" என்று முதல் நாளிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை, சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் சரியான மருந்தைத் தொடங்க உதவும்.

சீக்கிரம் கண்டால் என்ன பலன் என்பதற்கு வட ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரைச் சுற்றிய பிரதேசம் அத்தாட்சி. 1989 முதல் 30 வருஷம் அங்கே கணக்கு வைத்தார்கள். முதல் 5 வருஷத்தில் நோயுற்ற 100 பேரில் 31 பேர் இறந்தார்கள். கடைசி 5 வருஷத்தில் 6 பேர்தான். கிருமி மாறவில்லை. மக்களும் டாக்டர்களும் விழித்துக்கொண்டார்கள்; ஆஸ்பத்திரிகளும் முன்னேறின.

மருந்து சாப்பிடும் காலத்தில் ரமலான் வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர் உண்டு. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இம்மாத்திரை பொதுவாக இரு வேளை சாப்பிடுவது. ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பிரித்துக்கொள்ள முடியுமா, உடல் தாங்குமா என்பதை டாக்டரிடம் கேட்டு, பிறகு ஆலிமிடம் கேட்டு நடப்பதே முறை.

கூடவே அறிய வேண்டிய மூன்று

எலிக்காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் வருவது. கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், பிறகு மஞ்சள் காமாலை என்பன இதன் அடையாளம். அரிசியும் பருப்பும் அடுக்கி வைத்திருக்கும் நம் கிடங்குகளில் எலி இருந்தால் அது நஷ்டக் கணக்கு மட்டுமன்று. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள். டின் பால், டின் பானங்களின் மேல்மூடியைக் கழுவித் திறக்கும்படி வாங்குவோரிடம் சொல்லுங்கள்.

உண்ணிக்காய்ச்சல்: புல்லிலும் புதரிலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டாற்போல் கறுத்த பொருக்கு இருக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் மறைந்திருக்கும். 1948ல் கோலாலம்பூரில்தான் இக்காய்ச்சலுக்குக் குளோராம்பெனிக்கால் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார்கள். இப்பொழுது டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்து பழக்கத்தில் உள்ளது. குளிக்கும்போது உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி செடி வெட்டும் தொழிலாளருக்குச் சொல்லுங்கள்.

காச நோய்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிச் சோதனை அவசியம். இனிப்பு நீர் உள்ளவருக்கு இது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஒரே அறையில் பலர் தங்கும் விடுதிகளில் ஒருவருக்கு வந்தால் மற்றவரையும் சோதிக்க வேண்டும்.

தடுப்பது எப்படி?

மெலியோய்டோசிஸுக்குத் தடுப்பூசி இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. ஆகையால் நம் கைக்காவலே காவல்.

சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்குமுன் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அணிய வேண்டும். மண்ணைக் கையால் அள்ளுவோர் கையுறை அணிய வேண்டும். வெள்ளம் வடிந்த பின் கடையைக் கழுவுவதும் இதில் சேரும். 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கை வெள்ளம் அடித்தது நமக்கு நினைவிருக்கும். அத்தகைய வேளையில் உதவிக்கு ஓடுவது நம் இயல்பு. இனிப்பு நீர் உள்ளவர்கள் சேறு அள்ளும் வேலையை இளைஞர்களிடம் விட்டுச் சமையலையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளட்டும், நன்மை குறையாது.

புண்ணை நீர் புகாத கட்டால் மூட வேண்டும். மண்பட்ட கீறலை உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். மலை ஊற்று நீரானாலும் காய்ச்சியே குடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

நமக்கு அல்லாஹ் தந்த ஓர் ஏற்பாட்டைக் கவனியுங்கள். தினம் ஐந்து வேளை உளூச் செய்கிறோம்; கால் விரல்களைக் கோதிக் கழுவுகிறோம். நெடுநாள் இனிப்பு நீர் உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி மங்கிவிடும்; முள் குத்தினாலும் தெரியாது. கை தடவும்போது கண்ணும் பார்த்தால், புண் தோன்றிய அன்றே தெரிந்துவிடும். உள்ளங்காலைப் பார்க்க முடியாதவர் மனைவியிடமோ பிள்ளையிடமோ காட்டட்டும். உளூ முடிந்ததும் விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் நின்றால் தோல் வெடிக்கும்.

காலில் புண் இருந்து நீர் படக்கூடாதென்று டாக்டர் சொன்னால், கட்டின்மேல் தடவுவதற்கும் தயம்மும் செய்வதற்கும் ஃபிக்ஹில் சட்டம் இருக்கிறது. அவரவர் மத்ஹபின்படி ஆலிமிடம் கேட்டு நடக்க வேண்டும். தயம்மும் என்பது முகத்துக்கும் கைகளுக்கும் உரியது. புண்ணின்மேல் மண்ணைத் தடவுவதன்று. சிலர் புண்ணில் மண்ணும் காப்பித்தூளும் வைத்துக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இவை மார்க்கமும் அல்ல, வைத்தியமும் அல்ல.

சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசிகள் உண்டு. இனிப்பு நீர் உள்ளவர்களும் முதியோரும், குறிப்பாக ஹஜ்ஜு, உம்ராவுக்குப் போகிறவர்களும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நலம்.

கல்லாவில் இருப்பவரின் கடமை

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த வரலாற்றை நாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். அடியில் உள்ள ஈரத்தை மறைத்து மேலே உள்ள காய்ந்த தானியத்தைக் காட்டி விற்பது ஆகாது. மருந்து விஷயத்தில் இது இன்னும் கடுமையானது.

முதலாவது, பனடோல் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்கு? எத்தனை நாளாக? இனிப்பு நீரோ வேறு நாட்பட்ட வியாதியோ உண்டா? கேட்பதற்கு அரை நிமிஷம் ஆகாது. இனிப்பு நீர் உண்டென்றால், அன்றோ மறுநாளோ கிளினிக்குக்கு அனுப்புங்கள். அதே ஆளுக்கு இரண்டாவது பட்டை கேட்டால், மருந்தோடு ஆளையும் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். தானா ராத்தாவில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது.

இரண்டாவது, மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் என்று வரும் ஜாமுகளையும் மாத்திரைகளையும் பற்றியது. சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தை இரகசியமாகக் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. சாப்பிட்டவருக்கு வலி பறந்துபோகும்; சர்க்கரை ஏறும்; உடம்பின் காவல் இறங்கும். மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் பாதுகாப்பு முத்திரையும் இல்லாத சரக்கை, எவ்வளவு இலாபம் தந்தாலும் அடுக்கில் வைக்காதீர்கள். அந்த இலாபம் வயிற்றுக்கு ஆகாது.

மூன்றாவது, ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைச் சில்லறையாக விற்பது. டாக்டரின் சீட்டின்றி அவற்றை விற்பது சட்ட விரோதம். இரண்டு மாத்திரை சாப்பிட்டுக் காய்ச்சல் மறைந்தால், பின்னர் இரத்தச் சோதனையிலும் கிருமி மறைந்து நின்று டாக்டரை ஏமாற்றும்.

நான்காவது, தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் இன்று வேலை செய்பவர்களில் பலர் வங்காள தேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளத்தவர். செலவுக்கும் பாஷைக்கும் அஞ்சி அவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தயங்குவார்கள். நம் பாட்டன்மாரும் கடல் கடந்து வந்து பாஷை தெரியாமல் நின்றவர்களே. தோட்டத்து மேலாளருக்கோ கங்காணிக்கோ ஒரு போன் செய்து சொல்வதால் நம் கடைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

தவக்குல் என்றால்

"அல்லாஹ் நாடியது நடக்கும், பூட்ஸ் போட்டு என்ன, போடாமல் என்ன?" என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கிராமத்தவருக்குச் சொன்னதை அவருக்கு நினைவூட்டினேன். கொள்ளை நோய் பரவிய ஷாம் தேசத்துக்குள் நுழையாமல் கலீபா உமர் (ரலி) அவர்கள் படையுடன் திரும்பியதையும் சொன்னேன். இராத்திரி கடையைப் பூட்டிவிட்டுத்தானே அல்லாஹ்விடம் ஒப்படைத்துத் தூங்குகிறோம்? கடைக்குப் பூட்டுப் போடுகிறவர் காலுக்குச் சப்பாத்துப் போட மறுப்பது தவக்குல் அன்று, சோம்பல்.

மாமு மவுத்தான பிறகு என் கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். காய்ச்சல் மாத்திரை வாங்குவோரின் பெயரையும் தேதியையும் அதில் குறிப்பேன். சென்ற மழைக்காலத்தில், தேயிலை கிள்ளும் ஓர் அம்மாள் இரண்டு நாளில் இரண்டாவது பட்டை கேட்டு வந்தார். இனிப்பு நீர் உண்டா என்றேன், உண்டு என்றார். மருந்தைக் கையில் கொடுக்காமல் மகனை வரவழைத்து, அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவருக்கு மெலியோய்டோசிஸ் இல்லை. நுரையீரலில் வேறு கிருமி. ஒன்பது நாள் படுத்திருந்து வீடு திரும்பினார். இப்பொழுதும் கடைக்கு வருகிறார். "மருந்து கேட்டா மனுசனையே பிடிச்சு அனுப்புற கடை" என்று எல்லோரிடமும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் குறையை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன்.

சகோதரர்களே! ஒவ்வொரு கடையிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கட்டும். அடுத்த சங்கக் கூட்டத்தன்று சர்க்கரைச் சோதனைக்கு ஏற்பாடு செய்யும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆளாக நான் விரலை நீட்டுகிறேன்.

நோயாளிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. மாமு அவர்களின் கப்ரை ஒளியாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

கேமரன் மலைக் கடைக்காரர் ஒருவர்